யார் கூற்று, யாரிடம் கூற்று?

மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் மேலூரைக் கடந்தபின் கொட்டாம்பட்டி வருகிறது. அதற்கு அண்மையில், சிங்கம்புணரியை அடுத்து நிற்கும் பிரான்மலையே பாரி ஆண்ட பறம்பு என்பது பலரும் ஏற்றுக்கொண்ட கொள்கை. மேலூருக்கு அருகிலுள்ள திருவாதவூர் கபிலர் பிறந்த ஊர் என மரபு கூறுகிறது. மாணிக்கவாசகர் பிறந்ததும் அவ்வூரே. மனித உறவைப் பாடிய தமிழ்ப் புலவருள் முன்வரிசையில் நிற்கும் ஒருவரும், அவ்வுறவின் மொழியையே இறைவனைப் பாடும் மொழியாக்கிய ஒருவரும் ஒரே வட்டாரத்துக்கு உரியவராக எண்ணப்படுவது நம் பொருளுக்கு மிகவும் ஏற்ற செய்தி. இவ்வட்டாரத்து மேல்நிலைப் பள்ளி வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு உறவைப் பற்றிய இலக்கியம் எவ்வாறு வந்து சேர்கிறது என்பதை இங்கு ஆராய விழைகிறோம்.

இறையியல் இதழில் பள்ளித் தமிழ் வகுப்புக்கு என்ன வேலை என்று வாசகர் வினவலாம். நம் போதகர்களும் சபை மூப்பர்களும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் திருமறையை விளக்கத் தொடங்குமுன், ஒரு பனுவலை எவ்வாறு படிப்பது என்று கற்றது தமிழ் வகுப்பிலேதான். அங்கே படிந்த பழக்கம் பிற்காலத்தில் பிரசங்க பீடத்துக்கும் ஏறி வருகிறது. வசனத்தைச் சொன்னவர் எவர், கேட்டவர் எவர் என்று பாராமல் அதிலிருந்து மூன்று நற்கருத்துகளைப் பிழிந்தெடுக்கும் பிரசங்கத்தை நாம் கேட்டிராத ஞாயிறு குறைவு. அப்பிரசங்கத்தின் தாய்வீடு ‘செய்யுள் நயம் பாராட்டுக’ என்னும் வினாவே.

அவ்வினாவுக்கு விடையெழுதும் முறை தமிழ்நாட்டில் பள்ளிக்குச் சென்ற எவருக்கும் தெரியும். திரண்ட கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சந்தம், சுவை எனச் சிறுதலைப்புகள் வரிசையாக நிற்கும். மாணவன் ஒவ்வொன்றின் கீழும் ஓரிரு சான்றுகளை எடுத்து எழுதுவான். எதுகைக்கு மூன்று சான்றுகள் கிடைத்துவிட்டால் அவனுக்கு நிம்மதி. சுவை கடைசியில் வரும். அதற்குள் நேரமும் தாளும் தீர்ந்துபோகும். அவலச்சுவை அமைந்துள்ளது என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போவான். எதுகையையும் மோனையையும் அறிவது வீண் என்பது நம் கருத்தன்று. தொடையறியாதவன் தமிழ்ப்பாட்டின் நடையை அறிய மாட்டான். ஆயினும் ஒரு பாட்டில் ஒருவர் மற்றொருவரிடம் பேசுகிறார் என்னும் அடிப்படைச் செய்திக்கு அத்தலைப்புகளுள் இடமே இல்லை என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

பறம்பிலிருந்தே தொடங்குவோம். புறநானூற்றின் 112-ஆம் பாட்டு பாரியின் மகளிர் பாடியது. ஐந்தே அடிகள். பாரி என்றவுடன் வகுப்பறையில் எழுவது முல்லைக்குத் தேர் ஈந்த கதை. கடையெழு வள்ளல்களுள் ஒருவன், கொடைமடம் பட்டவன் என்பதோடு அவன் வரலாறு முடிந்து, அவன் ஒரு குணத்தின் பெயராகி விடுகிறான். அவன் இறந்தபின் நிலவொளியில் இரு பெண்கள் பேசியது அக்குணத்துக்கு ஒரு பின்னிணைப்பாகவே கற்பிக்கப்படுகிறது. அங்கவை, சங்கவை என்னும் பெயர்களையும் மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். அப்பெயர்கள் புறநானூற்றில் இல்லை. பிற்காலக் கதைமரபு தந்தவை. பாட்டைத் தொகுத்தவர் பாரி மகளிர் என்று மட்டுமே குறித்தார். தந்தையை இழந்தவர்கள் தந்தையின் பெயராலேயே அறியப்படுகின்றனர் என்பதை ஓர் ஆசிரியர் சுட்டிக்காட்டினால் வகுப்பு சற்று நேரம் அமைதியாகும் என நம்புகிறோம்.

பாட்டின் அமைப்பைக் காண்போம். சென்ற மாதத்து முழுநிலவின்போது என்ன இருந்தது, இம்மாதத்து முழுநிலவின்போது என்ன இல்லை என்பதே செய்தி. இரு நிலவுக்கும் ஒரே அடைமொழி. நிலவு வெண்மை மாறவில்லை. சென்ற மாதத்தைச் சொல்லும்போது தந்தை முதலிலும் குன்று பின்னும் வருகின்றன. இம்மாதத்தைச் சொல்லும்போது வரிசை மாறுகிறது. குன்று முதலில் போகிறது, தந்தை இல்லாமை இறுதியில் வருகிறது. பாட்டு அச்சொல்லோடு நின்றுவிடுகிறது. அழுதோம் என்ற சொல்லோ, கண்ணீரோ, விதியைப் பழிக்கும் வார்த்தையோ இல்லை. குன்றைக் கொண்ட வேந்தருக்கு மட்டும் வெற்றிமுரசு முழக்குவோர் என்ற அடை தரப்பட்டிருக்கிறது. மூவேந்தரும் கூடி முற்றியும் போரில் வெல்ல இயலாது போன குன்று அது என்பதைக் கபிலர் பாட்டுகளால் அறிந்தவர்க்கு அவ்வடைமொழியிலுள்ள கசப்பு விளங்கும்.

இதன் துறை கையறுநிலை. மாணவர் இத்துறைப் பெயரை ஒரு மதிப்பெண்ணுக்காக எழுதுகின்றனர். கை அற்றுப்போன நிலை என்று அச்சொல்லைப் பிரித்துப் பார்க்கச் சொன்னால், இலக்கணக் குறியீடாக இருந்த சொல் அவர்கள் வீட்டுச் சொல்லாகிவிடும். கண்மாய் பெருகாத ஆண்டில் நிலத்தை விட்டுப் புறப்பட்ட குடும்பங்களும், தந்தையை வெளிநாட்டுப் பிழைப்புக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசிக் குரலில் மட்டும் அவரை அறிந்த பிள்ளைகளும் இவ்வட்டாரத்துக்குப் புதியவர்களல்லர். போன மாதம் இருந்தது, இந்த மாதம் இல்லை என்னும் கணக்கு அப்பிள்ளைகளுக்கு எவரும் கற்பிக்க வேண்டாதது.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு நிலைமையை இன்னும் தெளிவாகக் காட்டும். ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்காகப் பாடியது என்று அதன் பழைய குறிப்பு கூறுகிறது. அஃதாவது அது கற்பிப்பதற்கென்றே இயற்றப்பட்ட நூல். தமிழைக் கற்பிக்க விரும்பிய புலவர் ஒரு காதலைக் கற்பித்தார். 261 அடிகளும் தோழி செவிலியிடம் பேசும் ஒரே பேச்சு. தலைவியின் நோய் இன்னதென அறியாமல் கலங்கும் செவிலிக்கு, அவள் ஒருவனை ஏற்றுக்கொண்டாள் என்ற உண்மையைத் தோழி எடுத்துரைக்கிறாள். இதனை அறத்தொடு நிற்றல் என்பர். ஆனால் பள்ளியில் குறிஞ்சிப்பாட்டு எதற்குப் புகழ்பெற்றது? 99 மலர்களின் பெயர்களுக்கு. அப்பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும் மாணவிக்கு இலக்கிய மன்றத்தில் பரிசு கிடைக்கிறது. மலர்களைப் பறித்துப் பாறைமேல் குவித்தது இருவர் என்பதும், அவ்விருவருள் ஒருத்திக்காக மற்றவள் இப்போது வாய்திறக்கிறாள் என்பதும் பரிசுக்குள் அடங்கா.

தோழியின் பேச்சின் தொடக்கத்தில் ஓர் உவமை வருகிறது. பகைகொண்ட இரு பெருவேந்தர் இடையே நின்று சந்து செய்ய முயலும் சான்றோரைப் போல் இரண்டு பேரச்சங்களுக்கு நடுவில் தான் நிற்பதாக அவள் கூறுகிறாள். ஒருபுறம் செவிலியின் சினம், மறுபுறம் தோழியின் துயர். பதினைந்து பதினாறு வயதுப் பெண்ணொருத்தி இந்நிலையில் நிற்பது உலக வழக்கில் இல்லாததன்று. வகுப்பிலுள்ள மாணவியர் பலர் அவ்வாறு நின்றிருப்பர், அல்லது இன்றே நின்றுகொண்டிருப்பர். வீட்டாரிடம் சொல்வது காட்டிக்கொடுத்தலா, துணைநிற்றலா? எதைச் சொல்லலாம், எதை எப்போது சொல்லலாம்? கபிலர் இதைத்தான் 261 அடிகளில் கற்பிக்கிறார். தோழி முதலில் செவிலியின் சினத்தைத் தணிக்கிறாள். நிகழ்ந்ததை ஒழுங்காகச் சொல்கிறாள். அவன் ஆபத்தில் உதவியவன், கடவுள்மேல் ஆணையிட்டவன், மணம்செய்து கொள்வேனென்றவன் என்பவற்றை ஏற்ற இடத்தில் வைக்கிறாள். பேச்சின் வழியாக ஓர் உறவைக் காக்கும் கலை அது. அதை விடுத்து மலர்ப்பெயர்களை எண்ணிக்கொண்டிருப்பது, விருந்துக்கு அழைக்கப்பட்டவன் இலையின் நரம்பை எண்ணிவிட்டு எழுந்துபோவது போலாகும்.

அகப்பாட்டைக் கூற்று கொண்டு படிப்பது நம் மரபின் அடிப்படை விதி. ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே தலைவி தோழிக்குச் சொல்லியது, தோழி தலைவனைக் கண்டு சொல்லியது, தலைவன் தன் நெஞ்சுக்குச் சொல்லியது எனப் பழையோர் குறித்துவைத்தனர். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எவர் கேட்கும்படி பேசுகிறார் என்பதை அறியாமல் பொருள் கொள்ளக்கூடாது என்பதே அதன் கருத்து. பள்ளித்தேர்வுகளில் நெடுங்காலம் வழங்கிவந்த ‘இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக’ என்ற வினாவும் இவ்விதியின் பேரப்பிள்ளைதான். ஆனால் இடம் என்பது நூலின் பெயரும் ஆசிரியர் பெயருமாகச் சுருங்கியது. கோனார் உரையில் அச்சிட்டிருந்த இடத்தை விடைத்தாளில் மீண்டும் எழுதுவதோடு அது நிறைவுற்றது. மார்ட்டின் பூபர் 1923-இல் வெளியிட்ட நூலில் ‘நான்–நீ’ என்னும் உறவையும் ‘நான்–அது’ என்னும் உறவையும் பிரித்துக் காட்டியதை நம் மாணவர்கள் இறையியற் கல்லூரியில் ஆர்வத்தோடு படிக்கின்றனர். ‘நீ’யை நோக்கிய கூற்றை ‘அது’வாக்கி அட்டவணையில் அடைக்கும் பயிற்சியை ஏழாண்டுகள் பள்ளியில் பெற்ற பின்னரே அவர்கள் பூபரிடம் வந்துசேர்கின்றனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

உறவின் இலக்கியத்தைத் தவிர்க்கும் வழிகள் இரண்டு. ஒன்று, அதை விட்டுவிடுவது. 2016-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருக்குறளின் அறத்துப்பாலிலும் பொருட்பாலிலுமுள்ள 108 அதிகாரங்களை ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை கற்பிக்குமாறு பணித்தது. இளைஞர் நல்லொழுக்கம் பெற வேண்டும் என்ற அக்கறை போற்றத்தக்கதே. இன்பத்துப்பாலின் 25 அதிகாரங்கள் அத்திட்டத்துக்கு வெளியே நின்றன. இதைக் குறைகூறும் தகுதி நமக்கு அதிகமில்லை. இப்பாதையில் முன்னே நடந்தவர்கள் கிறிஸ்தவக் குருமாரே. வீரமாமுனிவர் 1730-இல் அறத்தையும் பொருளையும் இலத்தீனில் பெயர்த்து மூன்றாம் பாலை விட்டார். ட்ரூ ஐயர் 1840-இலும் 1852-இலும் வெளியிட்ட ஆங்கிலப் பெயர்ப்பும் அப்பாலைத் தொடவில்லை. 1886-இல் போப் ஐயர் முழுநூலையும் ஆங்கிலத்தில் தந்தபோது, மூன்றாம் பாலைப் படிக்கத் தாமும் சில ஆண்டுகள் தயங்கியிருந்ததைக் குறிப்பிட்டார். மனத்தூய்மையை அறமென்று சொன்ன ஒருவர் இழிந்ததை எழுதியிருப்பாரா என்று எண்ணிப்பார்த்த பின்னரே அவர் தயக்கம் நீங்கியது. நூலைப் படிக்கு முன்பே அஞ்சுவதைக் காட்டிலும் நூலாசிரியரை நம்பிப் படித்துப்பார்ப்பது நல்ல முறை என்பதை அவரிடம் கற்கலாம்.

மற்றொரு வழி, உறவை வேறொன்றாக மாற்றிவிடுவது. இதில் நம் திருச்சபை பெருந்தேர்ச்சி உடையது. உன்னதப்பாட்டின் எட்டு அதிகாரங்களையும் ஓரிகன் முதலாக உருவகமாகவே படித்தனர். கிளேர்வோ பெர்னார்டு அந்நூலைப் பற்றி 86 அருளுரைகள் நிகழ்த்தியும் மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தைத் தாண்டவில்லை. 1544-இல் ஜெனீவாவில் காஸ்டெல்லியோ அதனை வெறும் காதற்பாட்டு என்று கருதித் திருமறையில் அதற்குள்ள இடத்தை ஐயுற, கால்வின் அவரை ஊழியத்துக்கு ஏற்க மறுத்தார். காதற்பாட்டென்றால் மறையாகாது, மறையென்றால் மனிதக் காதலாகாது என்பதே பூசலின் இருபுறமும் நின்ற எண்ணம். மனிதக் காதலாக இருந்தும் மறையாக இருக்கலாம் என்ற மூன்றாம் வழியை அன்று அதிகம் பேர் காணவில்லை.

உருவகம் தவறென்று நாம் சொல்லவில்லை. அகத்துறைகள் 400-ஐக் கோவையாக்கித் தில்லைக்கூத்தனைத் தலைவனாகப் பாடிய திருவாதவூரரின் திருக்கோவையாரும், கிறிஸ்துவின்மேல் காதல்கொண்ட சீயோன் குமாரத்தியைத் தலைவியாக்கிய வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியும் நம் நாட்டின் செல்வங்கள். ஆனால் அவ்விரு புலவரும் அகத்தின் நடையை முழுதும் அறிந்த பின்னரே அதனை மேலே ஏற்றினர். மனிதப் பிரிவு சுடும் என்பதை அறியாதவனுக்கு இறைவனைப் பிரிந்த ஆன்மா என்ற சொற்றொடர் வெறும் சொற்றொடரே. மேல்மாடிக்குப் போகும் படிக்கட்டைக் கீழ்த்தளத்தில்தான் தொடங்க வேண்டும்.

பள்ளியில் நிகழும் மாற்றம் ஆன்மீக மாற்றமன்று, ஒழுக்க மாற்றம். அது இன்னும் நுட்பமாகத் தீங்கு செய்வது. நற்றிணை 110-ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம், போதனார் பாடியது. தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி, பூச்சுற்றிய சிறுகோலை ஓச்சியபடி நரைமுடிச் செவிலியர் பின்தொடர, உண்ண மறுத்துப் பந்தரில் ஓடி விளையாடிய சிறுமி, மணமான பின் கணவன் குடி வறுமையுற்ற காலத்தில் தந்தை வீட்டுச் செழுஞ்சோற்றை நினையாமல் வேளை தவறி உண்கிறாள். இவ்வறிவையும் ஒழுக்கத்தையும் இவள் எங்கே கற்றாள் என்று தாய் வியக்கிறாள். வகுப்பில் இப்பாட்டின் மையக்கருத்து எளிதில் அமைந்துவிடும்: பெண் புகுந்த வீட்டின் நிலையறிந்து பொறுமையோடு வாழ வேண்டும். மாணவியர் அதனை எழுதிக்கொள்வர். அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் அவர்களுள் பலரிடம் இதே வாக்கியத்தை உற்றார் உறவினர் பாட்டின்றியே சொல்லப்போகின்றனர்.

இங்கே கூற்றைக் கேட்போம். பேசுவது யார்? தாய். அறிவுரை கூறும் ஆசானோ கணவனின் சுற்றத்தாரோ அல்லர். ஒரு பொழுது விட்டு ஒரு பொழுது உண்ணும் மகளைப் பற்றி ஒரு தாய் சொல்லும் வியப்பில் எவ்வளவு பெருமை, எவ்வளவு நோவு? பாட்டின் பெரும்பகுதியைப் பழைய ஓட்டமும் சிரிப்பும் கிண்ணமும் ஏன் நிரப்புகின்றன? பசியைச் சொல்லும் பகுதி ஏன் அவ்வளவு சுருங்கியது? தாயால் அதை நீட்டிச் சொல்ல இயலவில்லை என்று ஒரு மாணவி விடை கூறினால் அவ்விடையை நாம் தள்ளமாட்டோம். மகளின் உள்ளுரம் பற்றிய சொல்லோடு பாட்டு முடிகிறது. அவ்வுரம் தாய் கற்பித்ததன்று, தாய்க்கே புதிராக இருப்பது. ஒருத்தி தானே தேர்ந்துகொண்ட உறுதியை எல்லாப் பெண்களுக்கும் விதியாக்குவது பாட்டைத் தலைகீழாக்குவதாகும். வியப்புக்குறி இட்ட இடத்தில் கட்டளை எழுதுகிறோம்.

இதைவிடக் கடினமானது கலித்தொகையின் ஒன்பதாம் பாட்டு. உடன்போன மகளைத் தேடிச் சுரத்தில் வரும் செவிலி, எதிரே குடையும் முக்கோலும் தாங்கி வரும் அந்தணரிடம், என் மகளையும் வேறொருத்தி மகனையும் வழியில் கண்டீரோ என்று கேட்கிறாள். கண்டோம் என்கின்றனர் அவர்கள். மலையில் பிறந்த சந்தனம் மலைக்கு என்ன பயன் தரும், கடலில் பிறந்த முத்து கடலுக்கு என்ன பயன் தரும், யாழில் பிறந்த இசை யாழுக்கு என்ன பயன் தரும் என்று மூன்று உவமைகளை அடுக்கி, அவள் சென்றதும் அறவழியே, வருந்த வேண்டா என்று ஆற்றுப்படுத்துகின்றனர். வகுப்பில் இம்மூன்று உவமைகளும் அழகுற விளக்கப்படும். விளக்கப்படாதது ஒன்றுண்டு. செவிலி அதன்பின் பேசவில்லை. அவள் ஆறுதல் அடைந்தாளா? திரும்பினாளா, மேலும் நடந்தாளா? பாட்டு சொல்லவில்லை.

இன்னொரு வினாவையும் இக்காலத்து மாணவி எழுப்பலாம். சந்தனத்தைப் பூசுபவரும் முத்தை அணிபவரும் உள்ளனர். பெண்ணும் அவ்வாறு பிறர் பூணும் பொருள்தானா? இவ்வினா பாட்டை இழிவுபடுத்துவதன்று. கூறியவர் இல்லறம் துறந்தோர் என்பதையும், மகளை வளர்த்தவள் வேறு சொற்களில் சொல்லியிருப்பாள் என்பதையும் உணரும் மாணவிக்கே இது தோன்றும். நம் நோக்கில் அவள் மற்ற எவரையும்விடப் பாட்டை நன்கு படித்தவள்.

ஆசிரியர்கள் இவ்வழியில் செல்லத் தயங்குவது ஏனென்று நமக்குத் தெரியும். உடன்போக்கு இன்று வெறும் இலக்கியத் துறையன்று. 2015-இல் திருச்செங்கோட்டுக் கோயிலில் வேறு சாதிப் பெண்ணொருத்தியோடு பேசிக்கொண்டிருந்த இளம் பொறியியற் பட்டதாரி அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்டுக் கொலையுண்டார். அவ்வழக்கில் குற்றவாளிகளுக்கு 2022-இல் தண்டனை விதித்தது மதுரையிலுள்ள சிறப்பு நீதிமன்றம். 1997-இல் ஊராட்சித் தலைவரும் அவரோடு ஐவரும் சாதியின் பெயரால் வெட்டிக்கொல்லப்பட்ட மேலவளவு இதே மேலூர்ப் பகுதியில்தான் உள்ளது. ஒரே வகுப்பறையில், ஒரே பலகையில் பல சாதிப் பிள்ளைகள் அமர்ந்திருக்க, அவர்கள் வீட்டார் மாலையில் வெவ்வேறு தெருக்களில் காத்திருக்க, மகள் தான் விரும்பியவனோடு சென்றது அறமே என்று முடியும் பாட்டை எந்தத் துணிவில் விளக்குவது? உவமை நயத்துக்குள் ஒதுங்குவது சோம்பலால் மட்டும் நிகழ்வதன்று. அஞ்சுகிறவரை ஏளனம் செய்வதும் நம் வேலையன்று.

அவ்வச்சத்துக்கு அகமரபிலேயே ஓர் அடைக்கலம் இருப்பதாக நாம் கருதுகிறோம். அகத்திணையில் தலைவன் தலைவியர் இன்னார் என்று பெயர் சுட்டப்படுதல் கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் வந்தால் அது அகமாகாது. இதனை மரபுக் கட்டுப்பாடு என்று மட்டும் கற்பிக்கிறோம். இதன் பயனைக் கற்பிப்பதில்லை. பெயரில்லாத தலைவியைப் பற்றி எவரும் அஞ்சாமல் பேசலாம். அவள் இன்ன தெரு, இன்ன வீடு என்று எவரும் கைநீட்ட இயலாது. தாவீது அரசனிடம் தீர்க்கதரிசி நாத்தான் செய்ததும் இதுவே. இரண்டாம் சாமுவேல் பன்னிரண்டாம் அதிகாரத்தில் அவர் உரியாவின் பெயரையோ பத்சேபாளின் பெயரையோ எடுத்துத் தொடங்கவில்லை. ஒரு செல்வந்தன், ஓர் ஏழை, ஓர் ஆட்டுக்குட்டி, பெயர்கள் இல்லை. பெயரில்லாததால் தாவீது தடையின்றிச் சினந்தான், நேர்மையாகத் தீர்ப்பும் சொன்னான். தன் முகம் அக்கதையில் இருப்பதை அவன் பின்னரே கண்டான். வகுப்பறையில் ஆசிரியர் நாத்தானின் கடைசி வாக்கியத்தைச் சொல்ல வேண்டியதில்லை. செவிலி ஏன் பேசாமலிருந்தாள் என்று கேட்டு நிறுத்தினால் போதும். எஞ்சியதை மாணவன் வீட்டுக்கு நடந்துபோகும் வழியில் தானே சொல்லிக்கொள்வான்.

எனினும் நம் மரபைக் குற்றமற்றதென்று புகழ்ந்து நிற்பது நேர்மையாகாது. அடியோரும் வினைவலரும் அகத்தின் நடுவண் ஐந்திணைக்குப் புறத்தேயுள்ள கைக்கிளை பெருந்திணைகளில் தலைமக்களாதல் தடையில்லை என்று தொல்காப்பியம் கூறுவதற்குப் பொருள் என்ன? ஏவல் செய்து வாழ்வோரின் காதலை அன்பின் ஐந்திணைக்கு வெளியே வைத்தது அம்மரபு என்றே உரையாளர்கள் கொண்டனர். பிறர் ஏவலுக்கு உரியவர் அறம் பொருள் இன்பம் வழுவாமல் ஒழுக இயலாது என்று அதற்குக் காரணமும் காட்டப்பட்டது. கூலிவேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் இந்நூற்பாவை மறைத்துவிட்டு அகம் அனைவருக்கும் பொதுவென்று சொன்னால் நாம் பொய்யுரைத்தவராவோம். சொல்லிவிட்டு, இது சரியா என்று அப்பிள்ளைகளிடமே கேட்கலாம். பெயர் சுட்டாமை எல்லோரையும் காக்கும் திரையாக இருந்ததா, சிலரை உள்ளே விடாத வாயிலாகவும் இருந்ததா என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஆராய இயலாது என்று நாம் எண்ணவில்லை. திருமறையைப் படிக்கும்போதும் இதே கேள்வி நம்மை நோக்கி எழும். உன்னதப்பாட்டின் மணவாட்டி திராட்சத்தோட்டங்களுக்குக் காவலாக வைக்கப்பட்டு வெயிலில் கறுத்தவள். ஏவலுக்கு உட்பட்டவளே அங்கே தலைவி. கொட்டாம்பட்டி வட்டாரத்து வயல்வெளியில் அவளை அடையாளம் காண்போர் பலர். அவளைத் திருச்சபை என்று மட்டும் விளக்கும்போது அந்தக் கறுப்பு எங்கோ காணாமற்போகிறது.

கூற்றைக் கவனியாத பழக்கத்துக்கு நம் சபைகளிலிருந்தே இன்னொரு சான்று. ரூத்தின் புகழ்பெற்ற உறுதிமொழி திருமண ஆராதனைகளில் கணவன் மனைவியர்க்குரிய சொற்களாக எடுத்தாளப்படுவதுண்டு. அதைச் சொன்னவள் கணவனை இழந்த மருமகள். கேட்டவள் பிள்ளைகளை இழந்த மாமியார். இடம், மோவாபிலிருந்து திரும்பும் வழி. போவாஸ் அப்போது கதைக்குள் வரவே இல்லை. மாமியார் மருமகள் உறவைப் பற்றி நம் நாட்டில் வழங்கும் பழமொழிகளை எண்ணிப்பார்த்தால், கூற்றை மறைத்ததனால் நாம் எதை இழந்தோம் என்பது புலப்படும்.

நம் கல்லூரியில் பயின்றோருள் சிலர் சபைப் பள்ளிகளில் தாளாளராகவோ ஆசிரியராகவோ பணிபுரிகின்றனர். பாடத்திட்டத்தை மாற்றுவது அவர்கள் கையில் இல்லை. பொதுத்தேர்வு வினாத்தாளும் அவர்கள் கையில் இல்லை. மாதத்தேர்வு வினாத்தாள் அவர்கள் கையில் இருக்கிறது. நயம் பாராட்டலின் தலைப்பு வரிசையில் எதுகைக்கு முன்னே ‘கூற்று’ என்று ஒரு தலைப்பைச் சேர்ப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அதன்கீழ் இரண்டு மதிப்பெண்ணுக்கு ஒரு வினா: பாரி மகளிர் இப்பாட்டை எவரிடம் சொல்லியிருப்பர்? தமக்குள் ஒருவருக்கொருவரா, தங்களை அழைத்துச்சென்ற கபிலரிடமா, குன்றைக் கொண்ட வேந்தர் கேட்கும்படியா? உன் விடைக்குப் பாட்டிலிருந்து காரணம் காட்டுக. விடைக்குறிப்பில் இதற்கு ஒரே விடை அச்சிட இயலாது. மூன்றையும் மாணவர் எழுதுவர். மூன்றுக்கும் பாட்டில் இடமுண்டு. தந்தையிடமே சொன்னார்கள் என்று நான்காவது ஒன்றை எவளேனும் எழுதினால், திருத்தும் ஆசிரியர் அங்கே சற்று நின்று, மீண்டும் பாட்டைப் படித்துவிட்டு மதிப்பெண் இடட்டும்.